சாவி கோர்ட்டில் இருக்கும் வீடு

எங்கள் தபால் பிரிவில் 'அரண்மனை' என்றால் அது ஒரே ஆள்தான். செய்கிற வேலை என்னவோ உறைகளை எடை போட்டுத் தபால்தலை ஒட்டுவது. பேச்சு மட்டும் நாற்பது அறை, தேக்குத் தூண், பளிங்குத் தரை. கரண்ட் போனால்கூட, "எங்க பூர்வீக வீட்ல ஃபேனே தேவையில்ல, காத்து அப்படி வரும்" என்பார். இருபது வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அளந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்போம். ஆனால் மகளுக்கு வரன் பேசும்போதும் மனிதர் அதையே அளந்தார். மாப்பிள்ளையின் அம்மா எங்கள் அலுவலகத்தில்தான் டெலிபோன் ஆபரேட்டர். யார் எதைச் சொன்னாலும் நம்புகிற நல்ல மனுஷி. "கல்யாண ஃபோட்டோவ அந்த வீட்லயே எடுத்துடலாம் சம்பந்தி" என்று அவர் கேட்க, இவரும் தலையாட்டி வைத்தார்.

அந்த நேரம் பார்த்து அலுவலகச் சுற்றுலா வந்தது. ஒரு நாள், குடும்பத்தோடு; எங்கே போவது என்பதற்கு ஓட்டெடுப்பு. அரண்மனையைத் தவிர எங்கள் பிரிவில் ஏழு பேர். ஏழு பேரும் மற்ற பிரிவுகளிலும் சொல்லிவைத்து, அவர் தன் பூர்வீகம் என்று சொல்லிக்கொள்ளும் ஊருக்கே ஓட்டு விழச் செய்தோம். பழைய மாளிகைகளுக்குப் பேர்போன ஊர். கடற்கரைக்கு விழுந்தது ஒரே ஓட்டு. அது யாருடையது என்று எங்களுக்குத் தெரியாதா என்ன.

பேருந்தில் வயிறு சரியில்லை என்று சுருண்டு உட்கார்ந்தார். "இறங்கி நடந்தா சரியாயிடும்" என்றார் அவர் மனைவி, ஜன்னலைப் பார்த்தபடியே.

தெருவின் இரண்டு பக்கமும் மாளிகைகள். ஒவ்வொரு வாசலிலும் சம்பந்தியம்மா, "இதுவா சம்பந்தி?" என்று நிற்பார். "இன்னும் உள்ள போகணும்" என்று இவர் நழுவுவார். தெருக்கோடியில் தனியாக ஒரு கட்டடம், கனத்த சுவர், வாசலில் பெரிய பூட்டு. அதைப் பார்த்ததும் மனிதருக்கு உயிர் வந்துவிட்டது.

"இதான். மேல மூலைல தெரியுது பாருங்க, அந்த ரூம்லதான் நான் பிறந்தேன். பங்காளிங்க கேஸ் போட்டுட்டாங்க, சாவி இப்ப கோர்ட்ல இருக்கு."

பூட்டிய வீடாகப் பார்த்துப் பிடித்த சாமர்த்தியத்தை நானே மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். அதோடு நின்றேனா? பக்கத்து மாளிகைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த எங்கள் சுற்றுலா வழிகாட்டியைக் கூப்பிட்டு, "இந்த வீட்டப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க" என்றேன்.

"இது வீடில்லைங்க, அந்தக் காலத்து ஜெயிலு. மேல மூலை ரூம்லதான் தூக்குல போடறவங்கள வச்சிருப்பாங்க."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அரண்மனை முகத்தில் ஈயாடவில்லை. சம்பந்தியம்மாவும் சிரிக்கவில்லை.

அவர் மனைவிதான் முன்னால் வந்தார். "அவரு பிறந்தது ரெண்டு ரூம் வாடகை வீடுங்க. கல்யாணமான மறுமாசமே எனக்குத் தெரியும். சொல்லிக்கிறதுல அவருக்கு ஒரு சந்தோஷம்னு விட்டுட்டேன். உங்ககிட்டயாவது சொல்லியிருக்கணும், அது என் தப்பு. இதுல எங்க பொண்ணுக்கு எந்தப் பங்கும் இல்ல."

சம்பந்தியம்மா விறுவிறுவென்று போய்ப் பேருந்தில் ஏறிக்கொண்டார். சம்பந்தம் முறிந்தது என்றே எல்லோரும் நினைத்தோம்.

திங்கட்கிழமை அரண்மனை குனிந்த தலை நிமிராமல் உறைகளை எடை போட்டார். நன்றாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, பொய் சொல்வானேன். மத்தியானம் சம்பந்தியம்மா நேரே என் மேசைக்கு வந்தார்.

"அவர் சொல்றது பொய்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா."

"நான் சம்பந்தம் பேசினப்பவே ஏன் சொல்லல?"

நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"அவரு பெருமைக்குப் பொய் சொன்னாரு. நீங்க எங்கள பஸ்ல ஏத்திக் கூட்டிட்டுப்போய் வேடிக்கை பாத்தீங்க. ரெண்டுல எத மன்னிக்கலாம்னு யோசிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதமே சம்பந்தியம்மா மேசை மேசையாகப் போய்த் தன் மகனுக்கும் அரண்மனை மகளுக்கும் கல்யாணம் என்று தன் கையாலேயே பத்திரிகை கொடுத்தார். தபால் பிரிவு வாசலை மட்டும் மிதிக்கவில்லை. கல்யாணத்தன்று மொத்த அலுவலகமும் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுக் கிளம்பியது. நாங்கள் ஏழு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தோம்.