பஜார் வராண்டாவில் ரஹ்மத் அக்கா நடத்திய யோகா

ரஹ்மத் அக்கா இன்று காலையில் இறந்துவிட்டார். சாத்தூரிலிருந்து அவர் மகள் போன் செய்தாள். மாரடைப்பு...

ஊருக்குக் கிளம்பும் முன் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன்.

அக்காவை நான் முதலில் பார்த்தது, பட்டாசுக் கம்பெனியில் தீப்பிடித்து நான் பிழைத்து வந்த வருடம். முகமும் இரண்டு கைகளும் வெந்திருந்தன. புண் ஆறியது, தூக்கம்தான் வரவில்லை. குக்கர் விசில் அடித்தால் தெருவுக்கு ஓடிவிடுவேன்.

அக்கா சாத்தூர் பஜாரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் பெண்களுக்கு யோகா சொல்லிக்கொடுத்தார். கஷ்டமான ஆசனம் எதுவும் கிடையாது. மெதுவாகக் கை காலை நீட்டுவது, மூச்சு விடுவது, கடைசியில் பாயில் படுப்பது. படுத்த பிறகு ரெய்கி செய்வார், கையை வைத்தே உடம்பை அமைதிப்படுத்தும் ஜப்பான்காரர்கள் முறை.

"தொடுவீகளா அக்கா?" என்று கேட்டேன். துணி பட்டாலே எரியும் தோல்.

"தொட மாட்டேன். கையை மேல வச்சிருப்பேன், அம்புட்டுத்தான். கண்ணை மூடப் பயமா இருந்தா முழிச்சே படுங்க."

அன்று நான் குறட்டை விட்டுத் தூங்கினேனாம். யாரும் எழுப்பவில்லை.

ரெய்கி எல்லாம் ஏமாற்று என்று கமென்ட் போட வருகிறவர்கள் தாராளமாகப் போடுங்கள். அழிக்க மாட்டேன். அக்கா எங்களிடம் சொன்னது இதுதான்: "புண்ணுக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்க. இங்கன படுக்க வாங்க."

தீக்காயம் பட்ட இன்னும் சில பெண்கள் வரத் தொடங்கினார்கள். கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. மாடியும் அவருடையதுதான்.

"கல்யாணப் பட்டு எடுக்க வர்றவுக இந்த முகங்களைப் பாத்துட்டுத் திரும்பிப் போறாக. முந்தானையால மூடிட்டு வரச் சொல்லுங்க" என்றார், எங்கள் காதில் விழும்படியே.

"சொல்ல மாட்டேன்" என்றார் அக்கா.

அடுத்த வகுப்புக்குப் போனால் மாடிக் கதவில் பூட்டு. திரும்பிப் போகலாம் என்றேன். அக்கா வீட்டுக்குப் போய்ப் பாய்களோடு வந்தார். கடை வராண்டாவிலேயே விரித்தார்.

"படுங்க. முகம் மேல பாத்து இருக்கட்டும்."

பஜாரே பார்க்க, வரிசையாகப் படுத்தோம். பஸ் ஹாரன், சைக்கிள் பெல், யாரோ நின்று பேசும் சத்தம்... என் உடம்பு நடுங்கியது. அக்காவின் கைகள் என் முகத்துக்கு மேலே வந்து நின்றன. நடுக்கம் அடங்கும் வரை அவர் எடுக்கவே இல்லை.

கடைக்காரர் வெளியே வந்தார். "என்னம்மா இது... எல்லாரும் எந்திரிங்க."

"மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி. இவுக இப்பத்தான் கண்ணசந்திருக்காக."

வகுப்பு முடியும் வரை ஒருத்தரும் எழவில்லை. முடிந்ததும் முகத்தை மூடாமல் பஜார் வழியாகவே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.

மாடி திரும்பக் கிடைக்கவே இல்லை. வகுப்பு அக்கா வீட்டு முன்னறைக்கு மாறியது. "இவுகளையெல்லாம் வீட்டுக்குள்ள விடணுமா?" என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு டீ கொடுத்து, எங்கள் பக்கத்திலேயே உட்கார வைத்தார்.

கீழே இருக்கும் படம் அந்த வீட்டில் எடுத்தது. ஸ்கேன் செய்து போட்டிருக்கிறேன். முக்காடு போட்டிருப்பவர் அக்கா. பக்கத்தில் சிரிப்பது நான்.

இதுவரை என் புரொஃபைலில் ரோஜாப்பூதான் இருந்தது. இனி இந்தப் படம்தான். பார்க்கக் கஷ்டமாக இருப்பவர்கள் தாண்டிப் போய்க்கொள்ளுங்கள்.

போய் வாருங்கள், அக்கா.