சாம்பல் நிறத்தில் ஒரு கடை

அன்று மத்தியானம் அறையில் இருந்தவர்கள்: முதலாளி, பிரான்ஸ் பட்டாளத்துப் பென்ஷன்காரர், அவரை எல்லோரும் பிரெஞ்சு மரியாதையில் முசியே என்போம். அவருடைய மருமகன், நெல்லித்தோப்புக் கடையைப் பார்க்கிறவர். கணக்கு எழுதும் அக்கா. நான். கம்ப்யூட்டர் ஆள் சென்னையில் இருந்தார். மேசை மேல் போனில் அவர் குரல் மட்டும் இருந்தது.

எங்களுக்குப் பெயின்ட், ஹார்டுவேர் கடைகள். ஊருக்குள்ளும் வெளியிலுமாகப் பதினொன்று இருக்கின்றன. நான் சரக்கு வண்டி ஓட்டினேன். முட்டி தேய்ந்த பிறகு மாடியில் உட்கார வைத்தார்கள். வேலை, திரையைப் பார்ப்பது. பில் போடும் சாஃப்ட்வேர் புதிதாக வந்தால் சென்னை ஆள் அங்கிருந்தே எல்லாக் கடைக் கம்ப்யூட்டருக்கும் அனுப்புவார். திரையில் கடைப் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். பக்கத்தில் ஒரு புள்ளி. ஏறிக்கொண்டிருந்தால் மஞ்சள். ஏறிவிட்டால் பச்சை. கம்ப்யூட்டர் அணைந்திருந்தால் சாம்பல். நான் எட்டாவது வரை படித்தேன். இதற்கு அது போதும்.

ஒரு மணிக்குக் கடை சாத்துவார்கள், நாலு மணிக்குத் திறப்பார்கள். அந்த இடைவெளியில்தான் ஏற்றுவோம். அதில் ஒரு தொல்லை. கடை சாத்துகிறவர்களின் கை தானாக மெயின் சுவிட்சுக்குப் போகும். விளக்கு, ஃபேன், மெயின், பூட்டு. பூட்டை இழுத்துப் பார்த்தால்தான் சோறு இறங்கும். இன்றைக்கு மெயினை விட்டுவிடு என்றால் தலை ஆட்டுவார்கள். கை கேட்காது.

மழைக்காலம் முடிந்ததிலிருந்து எப்போது ஏற்றினாலும் பிள்ளைச்சாவடி சாம்பலாக நின்றது. ஒரு கடை நின்றாலும் மொத்தச் சரக்குக் கணக்கு ஒட்டாது. சாயங்காலம் எல்லாக் கடையிலும் கையால் பில் எழுத வேண்டும். போன தடவை முசியே சொல்லிவிட்டார். இன்னொரு முறை நின்றால் பிள்ளைச்சாவடிக் கடையை மூடிவிடுவேன், அங்கே இருக்கிற பெண் சேதராப்பட்டுக் கடைக்குப் போகட்டும் என்று.

அந்தப் பெண் தனியாகக் கடை பார்க்கிறவள். மாமியார் படுத்த படுக்கை. வீடு கடைக்குப் பின்தெருவில். மத்தியானம் ஓடிப்போய்க் கிழவியைப் புரட்டிப் படுக்க வைத்து, கஞ்சி கொடுத்துவிட்டு வருவாள். சேதராப்பட்டு என்றால் அது நடக்காது. வேலையை விட வேண்டியதுதான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு மணி இருக்கும். மேலிருந்து கீழ்வரை பச்சை. பிள்ளைச்சாவடி மட்டும் சாம்பல்.

"பாத்தீங்களா மாமா," என்றார் மருமகன். "அந்தம்மா மெயின அமத்திட்டுப் போயிருக்கும். அதுக்கு மாமியார் கஞ்சிதான் ஆபீசு."

"நீங்க மட்டும் கடையத் தொறந்து போட்டுட்டா வந்தீங்க?" என்றார் அக்கா, தலையைத் தூக்காமல்.

"எங்கடை பச்சையா இருக்குல்லக்கா. கண்ணாடிய மாத்துங்க."

நெல்லித்தோப்பு பச்சையாகத்தான் இருந்தது.

முசியே என்னைப் பார்த்தார். "போடுய்யா அதுக்கு."

இன்னொரு போனில் போட்டேன். எல்லோரும் கேட்கும்படி வைத்தேன். உடனே எடுத்தாள்.

"அண்ணா, நான் இன்னிக்கி வீட்டுக்கே போவல. கம்ப்யூட்டர் பொட்டி முன்னாடியே குந்திக்கினு இருக்கேன். புச்சா அனுப்புனது ஏறிடுச்சு. அதுவே அணைஞ்சி எழுந்து நிக்கிது."

"இங்க சாம்பலா இருக்கும்மா."

"அதுக்கு நான் என்னா பண்றது? கெழவி அங்க நனைஞ்சி கெடக்குது. நான் இங்க இதுக்குக் காவல்."

மருமகன் சிரித்தார். "நல்லாத்தான் கதை சொல்லுது."

"யாரு, நெல்லித்தோப்பு சாரா? வந்து பாருங்க சார். பைக்க எடுத்துக்கினு வெயில்ல வாங்க. டீ வாங்கித் தரேன்."

அவள் குரலில் பொய் தெரியவில்லை. திரை பொய் சொல்ல வழியில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதற்கு முன்னெல்லாம் திரைதான் ஜெயித்தது. அது சாக்குச் சொல்லாது என்பதால் இருக்கலாம்.

சென்னை ஆள் பேசினார். "பிள்ளைச்சாவடி அக்கா, ஏறிடுச்சுன்னா இப்ப நீங்களே அதை ஆஃப் பண்ணுங்க. அண்ணே, நீங்க ஸ்க்ரீனைப் பாத்துச் சொல்லுங்க."

"அமத்துனா எம்மேலயே பழி போடுவீங்க."

"இத்தனை பேர் சாட்சி இருக்கோம்க்கா. பண்ணுங்க."

அணைத்தாள். பிள்ளைச்சாவடி அப்படியே சாம்பலாக இருந்தது. அதற்கு மேலே நெல்லித்தோப்பின் பச்சை போய்ச் சாம்பல் வந்தது.

"நெல்லித்தோப்பு போயிடுச்சு," என்றேன்.

சென்னை ஆள் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். மழையில் தண்ணீர் புகுந்து இந்த இரண்டு கடைப் பெட்டியும் ஒன்றாக ரிப்பேருக்குப் போயின. இரண்டும் ஒரே மாதிரிக் கறுப்புப் பெட்டி. திரும்பும்போது மாறி இறங்கியிருக்கின்றன. திரையில் வரும் பெயர் பெட்டிக்குள் இருப்பது. பெட்டி போன இடத்துக்கு அதுவும் போகும்; பிள்ளைச்சாவடிப் பெயர் இப்போது நெல்லித்தோப்பில் இருக்கிறது. பில்லில் வரும் பெயர் வேறு. அது கடைக்காரர் போடும் பாஸ்வேர்டைப் பார்த்து வருவது. அது சரியாக வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"அப்போ இத்தினி நாளா மெயின அமத்துனது யாரு?" என்றார் அக்கா. இப்போது தலையைத் தூக்கியிருந்தார்.

மருமகன் சட்டைப்பைக்குள் கையை விட்டார். கடைச் சாவி சத்தம் கேட்டது. "பழக்கம்," என்றார்.

"போ மாப்ள," என்றார் முசியே. "போய் மெயினப் போடு."

மருமகன் இறங்கிப் போனார். அவர் கடை பக்கத்துத் தெருதான். காத்திருந்தோம். 'நான் அமத்தலண்ணா' என்று அவள் இதற்கு முன் ஒவ்வொரு முறையும் சொன்னாள். அணைத்தவர்களும் அதையேதான் சொல்லுவார்கள், அதே வார்த்தையில். அவர்களோடு அவளும் சேர்ந்துபோனாள். மெய் சொல்கிறவளுக்கு வேறு வார்த்தை எங்கே கிடைக்கும்?

"அண்ணா, பொட்டியப் போட்டுரட்டுமா?" போனில் அவள் இன்னும் இருந்தாள். "கடை இருக்குமா, இருக்காதா? அதச் சொல்லுங்க."

முசியே போனைக் கையில் வாங்கினார். அவர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. "கடை இருக்கும்மா. பொட்டியப் போட்டுட்டு வீட்டுக்குப் போ. அஞ்சு மணிக்குத் தொறந்தாப் போதும்."

"நாலுக்கே தொறப்பேன்," என்றாள். வைத்துவிட்டாள்.

நெல்லித்தோப்பு மறுபடி பச்சையானது. பிள்ளைச்சாவடி என்ற வரியில் மஞ்சள் வந்தது. பெயர்களை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார் சென்னை ஆள்.

"அண்ணே, பச்சை எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க."

மஞ்சள் மாறும்வரை பொறுத்தேன். பிறகு மேலிருந்து விரலை வைத்து எண்ணினேன்.

பதினொன்று.