நாற்பத்தொரு கண் பரிசோதனைகள்

வேளாங்கண்ணி இருபத்திரண்டு வருடமாக அந்தத் தனியார் மருத்துவக் கல்லூரியின் கண் பிரிவில் பார்வை சோதிப்பவள். ஆறு மீட்டர் தள்ளி எழுத்துப் பலகை. ஒரு கண்ணை மூடு, படி. அடுத்த கண்ணை மூடு, படி. முதலியார்பேட்டையிலிருந்து பஸ் ஏறி எட்டு மணிக்கெல்லாம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள். அவளிடம் படித்துக் காட்டாமல் யாரும் டாக்டரின் அறைக்குள் போக முடியாது.

கண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று வருகிற மாணவர்களை அவளுக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பது மரியாதைக்குச் சொல்வது. கோட்டுப் பையில் டார்ச் இருக்கும், டார்ச்சில் பேட்டரி இருக்காது. வந்த அன்றே சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்பார்கள். வெளிநாட்டுப் பயிற்சிக்கு விண்ணப்பம் எழுதுவார்கள். அதில் கண் மருத்துவம் சிறு வயதுக் கனவு என்று ஒரு வரி. போன மாதம் அதே பையனுக்குத் தோல் மருத்துவம் சிறு வயதுக் கனவாக இருந்திருக்கும்.

கலைவாணன் மூன்றாம் ஆண்டு மாணவன். நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுபவர்கள் நாள் முழுக்கத் தண்ணீரில் அடிக்கிற வெயிலைப் பார்ப்பதால் கண்ணில் சதை வளர்கிறதா, பார்வை குறைகிறதா என்பது அவன் ஆராய்ச்சி. வழிகாட்டி பேராசிரியர் துர்கா. அறுபது பேரை வேளாங்கண்ணி சோதிக்க வேண்டும், அவன் எழுத வேண்டும், ஒவ்வொரு படிவத்திலும் அவள் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல விஷயம்தான் என்று அவளே நினைத்தாள். எழுத்துப் பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு நோணாங்குப்பத்துக்குப் போனாள்.

பத்தொன்பது பேரைப் பார்த்து முடிப்பதற்குள் அவனுக்கு நெற்றி வியர்த்துவிட்டது.

"தல வலிக்குதுக்கா. மீதிய அப்புறம் வந்து பாத்துக்கலாம்."

"அவங்க தெனமும் இந்த வெயில்லதான் நிக்கிறாங்க தம்பி."

"அவங்களுக்குப் பழகிருக்கும்" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான். அப்புறம் அவளைக் கூப்பிடவே இல்லை.

மூன்று மாதம் கழித்து, ஊரிலேயே ஒரு ஓட்டலில் நடந்த மாநாட்டில் அவன் கட்டுரைக்கு இரண்டாம் பரிசு. கோட்டு சூட்டோடு எடுத்த படம் துறையின் அறிவிப்புப் பலகையில் ஏறியது. ஆராய்ச்சிப் படிவங்கள் ஒரு கட்டாக வேளாங்கண்ணியின் அலமாரிக்கு வந்து சேர்ந்தன. வேறு யாரையாவது வைத்து மற்றவர்களைச் சோதித்திருப்பான் என்று விட்டுவிட்டாள்.

அந்த வாரம் நோணாங்குப்பத்துப் படகுக்காரர் புருஷோத்தமன் வந்தார். ஒன்பது வருடத்துக்கு முன் கயிற்றுக் கொக்கி பாய்ந்து இடது கண் போனவர். அங்கே இப்போது இருப்பது பொய்க்கண். அது உறுத்துகிறது என்று வந்தார். அவரைப் பார்த்ததும் அவளுக்கு அந்தப் படிவங்கள் ஞாபகம் வந்து கட்டைப் பிரித்தாள். அவர் பெயரில் ஒரு படிவம் இருந்தது. வலது கண் முழுப் பார்வை. இடது கண் முழுப் பார்வை. கீழே அவள் கையெழுத்து.

"உங்கள யாருனா வந்து டெஸ்ட் பண்ணாங்களா?"

"இல்லியே சிஸ்டர். ஒரு தம்பி வந்து பேரும் வயசும் மட்டும் எழுதினு போச்சு."

எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தொரு படிவம், நாற்பத்தொரு கள்ளக் கையெழுத்து. 'வே'க்கு ஒரு வால் வேறு இழுத்திருந்தான். அவள் ஜென்மத்தில் போடாத வால்.

கேன்டீனில் வைத்து அவனைப் பிடித்தாள்.

"எல்லாரும் பண்றதுதான்க்கா. சும்மா ஒரு பார்மாலிட்டி."

"ஏசுநாதரே குருடனுக்குப் பார்வ குடுக்க எச்சி துப்பி மண்ணக் கொழச்சாரு. நீ பேனாவாலயே குடுத்துட்டியே."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நேரே துர்காவிடம் போனாள்.

"நல்லா படிக்கிற பையன். வெளிநாட்டுப் பயிற்சிக்கு அவன் பேரு போயிருக்கு. இத இப்ப கெளப்பணுமா, வேளாங்கண்ணி?"

"நான் எதயும் கெளப்பல மேடம். என் கையெழுத்த மட்டும் திருப்பிக் குடுங்க."

துர்கா மேசையில் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். அன்று மாலையே வேளாங்கண்ணி கல்லூரியின் ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவுக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதி, படிவங்களின் நகலையும் வைத்துக் கொடுத்தாள்.

குழு மூன்று முறை கூடியது. பிஸ்கட்டும் டீயும் மூன்று முறை உள்ளே போயின. கடைசியில் 'தகவல் சேகரிப்பில் சில குறைபாடுகள்' என்று எழுதினார்கள். பொய் என்ற சொல்லைக் கண்டுபிடிக்க அத்தனை படித்தவர்களாலும் முடியவில்லை. கட்டுரை சத்தமில்லாமல் திரும்பப் பெறப்பட்டது. வெளிநாட்டுப் பயிற்சி போயிற்று. கலைவாணன் தோல் பிரிவில் புதிய ஆராய்ச்சிக்குச் சேர்ந்துகொண்டான். வேளாங்கண்ணியை ஸ்டூலிலிருந்து எழுப்பி முகாம் வண்டிக்கு மாற்றினார்கள். தண்டனை என்று நினைத்துத்தான் மாற்றினார்கள்.

முதல் முகாமையே அவள் நோணாங்குப்பத்துக்குக் கேட்டு வாங்கினாள். விட்டுப்போன நாற்பத்தொரு பேரையும் இரண்டு நாளில் சோதித்தாள். ஆறு பேருக்குச் சதை கருவிழி வரை வளர்ந்திருந்தது. இரண்டு பேருக்குக் கண்ணில் அழுத்தம். இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் பார்வை போயிருக்கும். அந்த எட்டுப் பேரையும் அவளே வண்டியில் ஏற்றி வந்தாள். அறுவை சிகிச்சை செய்தவர் துர்கா. தேர்ந்த கை. அந்தக் கைக்கு மேலே கொஞ்சம் முதுகெலும்பும் இருந்திருக்கலாம் என்று வேளாங்கண்ணி நினைத்துக்கொண்டாள்.

இப்போது உண்மையான படிவங்கள் அறுபதும் இருக்கின்றன. அவற்றை வைத்து யாராவது மாணவர் கட்டுரை எழுதலாம் என்று துர்கா அறிவிப்பு ஒட்டினார். அறுபது பேரையும் நேரில் போய் மறுபடி பார்த்தால்தான் தருவேன் என்றாள் வேளாங்கண்ணி. மூன்று பேர் வந்து கேட்டார்கள். மூவரும், யோசித்துச் சொல்கிறோம் என்று போயிருக்கிறார்கள்.