தங்கூசித் துண்டு

எங்கள் வாவிக்கரை ஊரில் அம்மன் கோயில் சடங்கின்போது தீக்குழியில் முதல் ஆளாக இறங்குகிறவர் என் மாமா. அம்மாவின் அண்ணன், வாவியில் வலை போடுகிறவர். மற்றவர்கள் தணலில் விரைவார்கள், அவர் நடப்பார். முகத்தில் ஒரு சுளிப்பு இராது. முன்பெல்லாம் அவரும் எல்லாரையும்போல விரைந்தவர்தானாம்; இந்த நிதானம் பிந்தி வந்தது. அம்மாள் அவருக்குத் தனியாகக் கொடுத்த வரம் என்று பள்ளிக்கூடத்தில் கேட்காதவர்களுக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

அந்த வருடம் சடங்குக்குக் கோயில் கதவு திறந்த அன்று மாமா வீட்டுக்கு வந்தார். சீமெந்துத் தரையில் அவர் நடந்த வழியே ஈரத் தடம் விழுந்தது. ஒரு காலுக்கு மட்டும். அம்மா துடைக்கத் துணி எடுத்தார். சின்னம்மா அவரை மறித்துவிட்டுக் குனிந்து பார்த்தார். சின்னம்மா அம்மாவின் தங்கை, புளியந்தீவு ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை, எங்களோடுதான் இருந்தார்.

“அண்ணன், காலக் காட்டுங்க.”

“சடங்கு முடியட்டும் புள்ள. மறுகா காட்டுறன்.”

“காலுக்குச் சடங்கு தெரியாது. இரிங்க.”

உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, தடித்த தோலின் நடுவில் ஒரு குழி. அதற்குள் மஞ்சளும் கோப்பித்தூளும் அப்பியிருந்தன. வாவிக்குள் சிப்பி ஓடு வெட்டியிருக்கவேண்டும். எப்போது வெட்டியது என்று மாமாவுக்கே தெரியவில்லை. புண்ணைக் கண்ட பிறகு அதை மறைத்ததற்கு மட்டும் காரணம் இருந்தது. தீமிதிக்கிறவரின் காலில் புண் கண்டால், விரதத்தில் பிழை என்று ஊர் பேசும்.

சின்னம்மா வாதாடவில்லை. மாமாவின் பையிலிருந்து ஒரு தங்கூசித் துண்டை, வலைக்குப் போடும் அந்த நைலோன் நூலை, வெட்டி எடுத்தார்.

“கண்ண மூடுங்க. இது முட்டினா ஓம் எண்டு சொல்லுங்க.”

முதலில் கையில் தொட்டார். “ஓம்,” என்றார் மாமா. பிறகு பெருவிரல், மற்ற விரல்களின் அடி, உள்ளங்கால், குதி. நூல் வளையும்வரை அழுத்தினார். அழுத்திவிட்டு ஒவ்வொரு முறையும் காத்திருந்தார்.

“தொடங்கு புள்ள. எவ்வளவு நேரம் கண்ண மூடிக்கொண்டு இரிக்கிற?”

“முடிஞ்சிது அண்ணன்.”

நான் கைதட்டினேன். கடைசிவரை வாய் திறக்காதவர் வென்றவர் என்பதுதான் எனக்குத் தெரிந்த விளையாட்டு விதி. வேறு யாரும் தட்டவில்லை.

“சீனி வருத்தம் கால்ட உணர்ச்சியத் திண்டுபோட்டு,” என்றார் சின்னம்மா. மாமாவுக்கிருந்த நீரிழிவைத்தான் சொன்னார். “சிப்பியும் தெரியாது, நெருப்பும் தெரியாது. இந்தப் புண்ணோட தணல்ல இறங்கினா, மறுகா கால வெட்டி எடுக்கத்தான் வேணும்.”

மாமா தன் காலையே வேறொருவரின் கால்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அம்மாளுக்கு ஆர் பதில் சொல்லுற?”

“என்னட்டக் கேக்கட்டும். ஊரும் என்னட்டயே கேக்கட்டும்.”

ஊர் கேட்டது. தீமிதிப்பன்று மாமா கோயில் சமையல் கொட்டிலில் காலை ஒரு மர வாங்கின்மேல் நீட்டிவைத்துக்கொண்டு தேங்காய் துருவினார். தண்ணீர் எடுக்க வந்த ஒரு பெண், எல்லோர் காதிலும் விழும்படி, “தாதியம்மா இப்ப அம்மாளுக்கும் மருந்து குடுக்கிறாவாம்,” என்றாள்.

“ஓம் கா,” என்றார் சின்னம்மா. “வரிசையில வரச் சொல்லுங்க.”

கொட்டில் முழுக்கச் சிரித்தது. மாமாவின் விரதத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. பேச்செல்லாம் சின்னம்மாவின் திமிரைப் பற்றியது. அவர் விரும்பியதும் அதைத்தான்.

ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் காட்டி, குளிசை வாங்கிய பிறகு, மருந்து கட்டுவது வீட்டிலேயே நடந்தது. சின்னம்மா வேலையால் வந்ததும் கை கழுவுவார். பழைய கட்டைப் பிரித்து, துணியின் நிறத்தைப் பார்ப்பார், மணத்தைப் பார்ப்பார். சேலைன் ஊற்றிக் கழுவி, விளிம்பில் செத்துக் கிடந்த தோலை மட்டும் சீவி எடுப்பார். புதிய துணி வைத்துக் கட்டுவார். இந்த ஒழுங்கு ஒருநாளும் மாறியதில்லை. கடைசியில் தடித்த கம்பளித் துண்டொன்றைப் பாதத்தின் அடியில் வைப்பார். புண் இருந்த இடத்தில் அதில் ஒரு துளை வெட்டியிருப்பார். புண்ணுக்குக் காற்று வாங்க யன்னல் என்று நினைத்திருந்தேன். இன்று பாலங்களுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில். சுமையை நொய்ந்த இடத்தில் இறக்காமல் சுற்றி இறக்குவது பற்றி வகுப்பில் படித்தபோது, கரும்பலகையில் எனக்குத் தெரிந்தது அந்தத் துளைதான்.

குழி அடியிலிருந்து மெல்ல மெல்ல மேலே நிறைந்தது. மெல்லிய புதுத்தோல் மூடிய அன்று அம்மா பால்சோறு செய்தார். மாமா பழையபடி பகிடி விட்டார். சின்னம்மா மட்டும் அந்தத் தங்கூசித் துண்டை மறுபடி எடுத்தார்.

“கண்ண மூடுங்க, அண்ணன்.”

விரல்கள், உள்ளங்கால், குதி. அழுத்தினார், காத்திருந்தார். தேவைக்கு மேலேயே காத்திருந்தார். மாமா ஒருமுறைகூட ஓம் சொல்லவில்லை. இந்தத் தடவையும் நான்தான் கைதட்டினேன்.

சின்னம்மா நூலைச் சுருட்டி வைத்துவிட்டு, புதிதாக வாங்கி வந்திருந்த வார் வைத்த செருப்பை மாமாவின் காலில் தானே மாட்டிவிட்டார். “வாவிக்க இறங்கக்குள்ளயும் இதக் கழட்டப்படாது,” என்றார். காயம்தான் ஆறிவிட்டதே, பிறகு எதற்குச் செருப்பு என்று நினைத்துக்கொண்டு நான் பால்சோறு தின்னப் போய்விட்டேன்.