மோசம்பிக்குப் பதில் மோசம்பி

ஒரு மனிதர் எப்போது ஆஸ்பத்திரியில் படுப்பார் என்று நான் பல வருஷம் காத்திருந்தேன். சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. அந்த அளவுக்குக் கெட்டவன் இல்லை. தவிர, செத்தவரிடம் போய்ப் பேச முடியாது. படுத்தால் போதும். நினைவு தெளிவாக இருக்க வேண்டும், காது நன்றாகக் கேட்க வேண்டும், எழுந்து ஓட முடியாமல் இருக்க வேண்டும். ஒருமுறை பிள்ளையார் கோயிலில் இதையே வேண்டிக்கொள்ள வாயெடுத்தேன். சந்நிதியில் நின்றதும் வெட்கமாகிவிட்டது. பையனின் கணக்குப் பரீட்சைக்காக வேண்டிக்கொண்டு திரும்பினேன். அவன் பெயிலானான். பிள்ளையாருக்கு என் மனதில் இருந்தது தெரிந்திருக்கும்.

பொறுமையின் உயர்வைப் பற்றி நிறையப் படித்தவன் நான். பென்சிலால் அடிக்கோடுகூடப் போட்டிருக்கிறேன். அடிக்கோடு போட்டுப் படிக்கிறவர்களை நம்பக் கூடாது என்பது என் அனுபவம்.

விஷயம் தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கியது. கோயமுத்தூரிலிருந்து இந்த மராட்டி ஊருக்கு மாற்றலாகி வந்து, கட்கி என்ற பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். என் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று சொல்லி, கேம்ப் பகுதியில் ஒரு பழைய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று தெரிய நாளாகும் என்றார் டாக்டர். அதுவரை காத்திருப்பதுதான் எங்களுக்கு வேலை.

காத்திருப்பதை நான் நிர்வாகம் செய்தேன். அரசாங்க உத்தியோகஸ்தன் அல்லவா. புற்றுநோய் என்ற சொல்லை எந்த மொழியிலும் அவள் காதில் விழ விடக் கூடாது என்பது என் உத்தரவு. ஊரிலிருந்து எஸ்.டி.டி.யில் பேசிய மைத்துனனுக்குச் சொன்னேன். பார்க்க வந்த அலுவலக நண்பர்களை வார்டு வாசலிலேயே மடக்கிச் சொன்னேன். சாதாரணக் கட்டி, வாரக் கடைசியில் வீடு, இதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. செய்தித்தாளில் நோய் பற்றிக் கட்டுரை வந்திருந்தால் அந்தத் தாளை மட்டும் உருவிவிட்டுத்தான் அவளிடம் கொடுப்பேன். நடுப்பக்கம் ஏன் தினமும் காணாமல் போகிறது என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். மற்றபடி அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கண்ணை மூடினாலும் சொன்னேன், திறந்தாலும் சொன்னேன்.

இந்தக் கோட்டைக்குள்தான் அந்த மனிதர் நுழைந்தார்.

அவர் கட்கிக்காரர். தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த குடும்பம். அவரும் அங்கேதான் மேஸ்திரியாக இருந்தார். எங்கள் தெருமுனையில் சொந்த வீடு. கட்கித் தமிழர்களில் யார் படுத்தாலும் முதலில் போய்ப் பார்ப்பது அவருக்கு விரதம் மாதிரி. ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பை மோசம்பி தொங்கும். ஊரில் நாம் சாத்துக்குடி என்பதை இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. இரண்டு வருஷம் இருந்தால் நமக்கும் மறந்துவிடும். அந்த மோசம்பியைக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவரே உரித்து, அவரே சாப்பிட்டுக்கொண்டு பேசுவார் என்பது பிறகுதான் தெரிந்தது.

பார்வையாளர் நேரத்தில் அவர் வந்தபோது நான் கீழே மருந்துக் கடையில் இருந்தேன். வாசலில் மடக்கி உத்தரவைச் சொல்ல முடியாமல் போனது. மேலே வந்தால், பாதி மோசம்பி முடிந்திருந்தது.

“சோட்டா கட்டின்னுதான் சொல்லுவாங்க தங்கச்சி, டாக்டருங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். “ஆனா கேன்சராவும் இருக்கலாம். நம்ம மச்சினிச்சிக்கு இதே மாதிரிதான். ஏக்தம் இதே இடம். பயந்துக்கினா மட்டும் போயிடுமா சொல்லு.”

மச்சினிச்சி என்ன ஆனாள் என்று என் மனைவி கேட்டாள். தணிந்த குரலில், ஏதோ குழம்புக்குப் பக்குவம் கேட்கிற மாதிரி கேட்டாள். அவர் சொன்னார். ஒன்றையும் விடாமல் சொன்னார். ஊசி, முடி கொட்டியது, வாந்தி, கடைசியில் எந்த ரயிலில் எந்த ஊருக்கு எடுத்துப் போனார்கள் என்பது வரைக்கும். நான் மருந்துப் பையோடு நின்றேன். அவர் கையிலிருந்த மோசம்பிச் சுளையை உற்றுப் பார்த்தது நினைவிருக்கிறது. அவர் எழுந்து, என் தோளைத் தட்டி, “டென்ஷன் நக்கோ சார்” என்று மராட்டியில் வேண்டாம் சொல்லிவிட்டு, தோலையெல்லாம் மேஜையில் விட்டுவிட்டுப் போனார்.

மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த முதுகைப் பார்த்த நிமிஷத்தில்தான், அவருக்கும் ஒருநாள் இதையே திருப்பிச் செய்வது என்று தீர்மானித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த வார்டின் மலையாள சிஸ்டர் ரத்த அழுத்தம் பார்க்க வந்தார். ஐம்பதை நெருங்குகிறவர், சிரித்துப் பழக்கமில்லாத முகம். இப்படிக் கண்டவர்களை உள்ளே விடுகிறீர்களே, என் மனைவி எவ்வளவு அதிர்ந்திருப்பாள் தெரியுமா என்று அவரிடம் கத்தினேன். அவர் பட்டையை என் மனைவியின் கையில் சுற்றி அழுத்திப் பார்த்தார். பிறகு அதே பட்டையை, கேட்காமல் கொள்ளாமல், என் கையில் சுற்றினார்.

“பேஷண்டுக்கு நார்மல்,” என்றார். “சாருக்குத்தான் கூடுதல். கேண்டீன் போயி எதாவது கழிச்சிட்டு வரூ.”

மலையாளத்தில் அதற்குச் சாப்பிடுவது என்று அர்த்தம் என்பது தெரிந்ததுதான். இருந்தாலும் அன்றைய மனநிலையில் அவரையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். அந்தக் கருவியும் ரிப்பேர் என்று முடிவு கட்டினேன்.

சோதனை முடிவு வந்தது. நல்ல கட்டி. டாக்டர் கை குலுக்கினார், மைத்துனன் பழனிக்கு நடந்தான், மனைவி வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பருப்பு டப்பாக்களை இடம் மாற்றி வைத்ததற்காக என்னைத் திட்டினாள். எல்லோருக்கும் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு ஆரம்பித்தது.

அந்த மனிதர் தெருவில் பார்க்கும்போதெல்லாம் தங்கச்சி எப்படி என்று கேட்பார். நன்றாக இருக்கிறாள் என்று பல்லைக் காட்டுவேன். காட்டிக்கொண்டே அவர் நடையைக் கவனிப்பேன். மூச்சு வாங்குகிறதா? இல்லை. இடது கையைத் தடவிக்கொள்கிறாரா? இல்லை. கால் மூட்டு? அதுவும் இல்லை. அந்த ஆள் அரைமணி நேரம் நின்று ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புவார், ஒரு இருமல் வராது.

காத்திருக்கும் நேரத்தை வீணாக்கவில்லை. மரணக் கதைகளைச் சேர்க்கத் தொடங்கினேன். மச்சினிச்சி ஒருத்தி போதாது. பதிலுக்கு ஒரு படையே வேண்டும். அலுவலகத்தில் யார் வீட்டில் சாவு என்றாலும் போய் உட்கார்ந்து, எப்படி ஆரம்பித்தது, முதலில் எங்கே வலித்தது, டாக்டர் என்ன சொன்னார், கடைசி வார்த்தை என்ன என்று விவரமாகக் கேட்பேன். கட்கியில் அரசாங்கம் ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலை நடத்தியது. அதே பேட்டையில் நான் தனியாக ஒன்று நடத்தினேன். இதில் எதிர்பாராத விளைவு ஒன்று ஏற்பட்டது. துக்க வீட்டில் மற்றவர்கள் எல்லாம் வானிலை பேசிவிட்டு நழுவும்போது நான் ஒருவன்தான் உட்கார்ந்து முழுக்கக் கேட்கிறேன் என்று எனக்கு நல்ல பெயர் வந்துவிட்டது. விதவைகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். மிகவும் இரக்கமுள்ள மனிதர் என்று மேலதிகாரி ஒருமுறை கூட்டத்திலேயே சொன்னார். நான் தலை குனிந்து நின்றேன். மனதுக்குள் இதய நோய் வகையில் இன்னும் இரண்டு நல்ல கதை குறைகிறதே என்று கவலை.

வருஷங்கள் போயின. நாங்கள் கட்கியை விட்டு, அதே ஊரில் சாஃப்ட்வேர் கம்பெனிகள் முளைத்த ஹிஞ்சேவாடிப் பக்கம் ஒரு அடுக்குமாடிக்கு வந்தோம். அவர் ஓய்வு பெற்றார். அவர் மகன் சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து, கம்பெனி வண்டியில் போய்வந்து, எங்கள் கட்டடத்துக்கு நாலு கட்டடம் தள்ளியே வீடு வாங்கி அப்பாவையும் கூட்டி வந்துவிட்டான். எதிரியை வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டதற்கு அவனுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

ஒருநாள் காலை, பால்காரன் மூலமாக, இரண்டு நாள் தாமதமாகச் செய்தி வந்தது. மார்வலி. ஆஸ்பத்திரி.

அன்றைக்கு நான் போட்டிருந்தது இஸ்திரி போட்ட சட்டை. வழியில் இறங்கி மோசம்பி வாங்கினேன். கடைக்காரன் கொடுத்ததை வாங்காமல் தேர்ந்தெடுத்து வாங்கினேன். இந்த விஷயத்தில் அவசரப்படக் கூடாது.

புது ஆஸ்பத்திரி, கண்ணாடியும் குளிரும். தாழ்வாரத்தில் மகன் என்னை மடக்கினான். தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும் அவனுக்கு.

“அங்கிள், பாப்பாக்கு அட்டாக்னு சொல்லல. கேஸ் ட்ரபிள்னு சொல்லிருக்கோம். ப்ளீஸ், பாஸிடிவா மட்டும் பேசுங்க. ரெண்டு நாளா சாப்பிடவே இல்ல அவர், பேசவும் இல்ல.”

வயதான அந்த மனிதரை அவன் பாப்பா என்றதற்கு நான் அசரவில்லை. இந்தியும் புழங்கும் ஊரில் அப்பா அப்படித்தான் ஆவார். அவன் போட்ட உத்தரவுதான் என்னை ஒரு நொடி நிறுத்தியது. எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. ஆனால் அந்த நொடியை நான் நீட்டவில்லை. சரிப்பா என்று அவன் முதுகைத் தடவிவிட்டு உள்ளே போனேன். நினைவு தெளிவு, காது கேட்கிறது, ஓட முடியாது. மூன்றும் பொருந்தி வந்தன.

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். மோசம்பியை உரித்தேன். அவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடிக்கொண்டார்.

“கேஸ்னுதான் சொல்லுவாங்க,” என்று ஆரம்பித்தேன். “ஆனா இது அட்டாக்காவும் இருக்கலாம். எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இதே மாதிரிதான்.”

கண் திறந்தது.

ஒருத்தரைச் சொன்னேன், பிறகு இன்னொருத்தரை. பல்லாண்டுச் சேமிப்பு, தட்டுத் தடங்கல் இல்லாமல் வந்தது. குளியலறையில் விழுந்தவர், பஸ்ஸில் சாய்ந்தவர், மகள் கல்யாணத்தில் தாம்பூலம் கொடுத்துக்கொண்டே போனவர். ஒவ்வொன்றுக்கும் அவர் முகத்தைப் பார்த்தேன். நான் பார்க்க விரும்பிய முதுகு அங்கே திரும்பவில்லை. அவர் மெதுவாக என் பக்கம் ஒருக்களித்துப் படுத்தார்.

“அப்பறம்?” என்றார்.

பஸ்ஸில் சாய்ந்தவருக்கு வலி இருந்ததா என்று கேட்டார். இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். பொய் சொல்லியிருக்கலாம், அப்போது தோன்றவில்லை. பெண்டாட்டி பக்கத்தில் இருந்தாளா என்றார். இருந்தாள் என்றேன். அது நல்லது என்றார். பிறகு கண்ணோரத்தில் கொஞ்சம் நீர் வழிய, துடைக்காமலேயே பேசினார்.

“வர்றவன் எல்லாம் கேஸு கேஸுங்கறான் சார். கேஸுக்கு எவனாவது நெஞ்சுல வயர் ஒட்டி வைப்பானா? நான் இன்னா, பச்சாவா? மனுசனுக்கு சாவறாப்ல இருந்தா சாவறத பத்தி ஒரு வார்த்தை பேச ஆளு வாணாமா? நீங்க ஒருத்தர்தான் சார் பேசுனீங்க.”

கையை நீட்டி ஒரு சுளை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அடுத்து இன்னொன்று. மீதிக் கதைகளையும் கேட்டு வாங்கினார். கடைசியில் எனக்கே கதை தீர்ந்துபோய், சும்மா கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வரும்போது அந்தப் பகுதி நர்ஸ், சின்னப் பெண், மராட்டிக்காரி, பின்னாலேயே ஓடி வந்தாள். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். மாமா இப்போதுதான் வாய் திறந்து கஞ்சி கேட்கிறார், நீங்கள் நாளைக்கும் வர முடியுமா என்று இந்தியில் கேட்டாள். மகன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். குனிந்த அந்தத் தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும் போலிருந்தது.

மறுநாளும் போனேன். வேறு வழியில்லை, எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். குணமாகி வீட்டுக்கு வந்த பிறகு, ஸ்கூட்டர் போய் இப்போது நடந்தே, படுத்திருக்கிறவர்களைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். துணைக்கு என்னையும் கூப்பிடுகிறார்.

அந்த முதல் நாள் வீட்டுக்கு வந்ததும், அத்தனை வருஷம் மனைவியிடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். உனக்காகத்தான் இந்தப் பழியைச் சுமந்தேன் என்று கொஞ்சம் தழுதழுப்பாகக்கூடச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அன்னைக்கு அந்த அண்ணன் வந்து சொல்லிப்போட்டுப் போனப்பறந்தானுங்க நான் நல்லாத் தூங்கினேன். நீங்க பக்கத்துல உக்காந்து ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு உசுர வாங்கிட்டு இருந்தீங்க. பழி வாங்கறதா இருந்தா நானல்லங்க உங்களை வாங்கோணும்? போயிக் கைகால் கழுவுங்க மொதல்ல. ஆஸ்பத்திரித் துணியோட சோபாவுல உக்காராதீங்க.”