சம்ப்பில் விழுந்த சாமந்தி

ஆடிப் பதினெட்டுக்கு ஆறு வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அவள் கும்பகோணத்துக்காரி. ஹைதராபாத்தில் ஆற்றுக்கு எங்கே போவது? அப்பா எங்களை ஸ்கூட்டரில் ஏற்றி மூசி ஆற்றுப் பாலத்துக்குக் கொண்டுபோனார். கீழே கறுப்பாக எதுவோ ஓடியது, மேலே நுரை. அம்மா கூடையைத் திறக்கவே இல்லை. புளியோதரையும் தேங்காய்ச்சாதமும் வந்த வழியே குகட்பள்ளி வீட்டுக்குத் திரும்பின.

அந்த வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த குழாய்த் தண்ணீர், எப்போது வரும் என்றே தெரியாத நிலை. நாங்கள் திரும்பியபோது பிளாக்குக்கே பொதுவான சம்ப்பில், அதுதான் நிலத்தடித் தொட்டியில், தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. "மஞ்சீரா வந்துருச்சு" என்று பிள்ளைகள் கத்தினார்கள். குழாய்த் தண்ணீருக்கு எங்கள் காலனியில் அதுதான் பெயர். மஞ்சீரா ஆறுதானே என்று அம்மா கேட்டாள். அப்பா தலையாட்டியதுதான் தாமதம், சம்ப் விளிம்பில் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, காதோலை கருகமணியோடு இரண்டு கை சாமந்தியையும் உள்ளே விட்டுவிட்டாள்.

பிறகு நடந்ததைச் சொல்ல இன்றும் நாக்கூசுகிறது. குடிக்கிற தண்ணீரில் குப்பையா என்று கீழ்வீட்டு ஆண்ட்டி கத்தினார். பிளாக்கே கூடிவிட்டது. விஞ்ஞானக்கூடத்தில் வேலை பார்த்த அப்பா ஸ்கூட்டரைத் துடைக்கப் போய்விட்டார். என் சிநேகிதிகள் வேடிக்கை பார்த்தார்கள், எனக்கு மானமே போயிற்று.

"இதுவும் ஆறுதானேடி, சொல்லேன் அவங்ககிட்ட" என்றாள் அம்மா. அவளுக்குத் தெலுங்கு பேச வராது.

நான் ஆண்ட்டியிடம் சொன்னது வேறு. "மா மம்மீகி ஏமீ தெலீது." எங்கள் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆண்ட்டி சிரித்துவிட்டார். அந்த அளவு தெலுங்கு அம்மாவுக்குப் புரியும்.

ஒரு வீடு குடிக்க மாட்டேன் என்றது, பிறகு எல்லா வீடும். மோட்டார் போட்டுச் சம்ப்பையே தெருவில் இறைத்தார்கள். தண்ணீர் நாலாவில், அதாவது சாக்கடைக் கால்வாயில், போய் விழும்வரை நாங்கள் குதித்துக்கொண்டு கூடவே ஓடினோம். அந்த நாலா ஓர் ஏரியில் கலந்து, பிறகு மூசிக்குத்தான் போகிறது என்று எனக்குத் தெரியாது. எங்கள் பிளாக்கின் அழுக்கெல்லாம் தினமும் அந்த வழியாகத்தான் போயிற்று. அதற்காக யாரும் யாரிடமும் கத்தியதில்லை.

சாயங்காலம் அம்மா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, பூப்போட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள். யார் யாரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு அது என்று விளங்காத நான், கூடவே போய், அதை நல்ல தெலுங்கில் எடுத்துச் சொன்னேன்.