துணிகளோடு இழுத்துப்போன வேன்

சித்திக்குச் சண்டையில்லாத வீடு எங்கள் தெருவில் இரண்டுதான். இரண்டும் பூட்டிக் கிடப்பவை. உறவினர்கள் அவளைக் 'கஞ்சி' என்பார்கள். சலவைக் கடை வைத்திருந்தாள்; கஞ்சி போட்ட துணி மாதிரி விறைப்பு, யாருக்கும் மடங்கமாட்டாள். போன மாதம் அவள் இறந்தபோது அழுதவர்களில் பாதிப் பேர் அவளோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்.

ஒரு மருத்துவமனைக்கு விரிப்புகளும் ஆபரேஷன் அங்கிகளும் வெளுத்துக் கொடுத்துவந்தாள். அந்த ஒரு வேலையில்தான் கடை ஓடியது. மருத்துவமனை இருந்த கட்டடத்தின் பின்னால், கட்டடக்காரருடைய தனியார் பார்க்கிங்கில் வேனை நிறுத்த அவளுக்கு அனுமதி அட்டை உண்டு. அழுக்குத் துணியும் வெளுத்த துணியும் ஒரே லிஃப்டில் போகக் கூடாது என்பது அவள் வைத்த சட்டம். ஒருநாள் அப்படித்தான், வெளுத்த துணியை வேனிலேயே விட்டுவிட்டு, அழுக்கு மூட்டைகளைக் கட்ட முதலில் வெறுங்கையோடு மேலே போனாள். இறங்கி வந்தால் வேனைக் காணோம்; அனுமதியில்லாத வண்டியென்று இழுத்துப் போயிருந்தார்கள். மறுநாள் ஆபரேஷனுக்கான துணி முழுவதும் அதற்குள் இருந்தது. சாயங்காலத்துக்குள் போய்ச் சேராவிட்டால் வேலை கைவிட்டுப் போய்விடும்.

என்னைக் கூப்பிட்டாள். இழுத்துவந்த வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டுக்கு என் காரில் போனோம். தகரக் கொட்டகைக்குள் மேசைக்குப் பின்னால் யார்டுக்காரர் காது குடைந்துகொண்டிருந்தார்.

"இழுவைக் கட்டணம் கட்டுங்க, வண்டிய எடுங்க. அவ்வளவுதான்."

"எதுக்குக் கட்டணும்? கண்ணாடியில அட்டை தொங்குதே, உன் ஆளுக்குக் கண்ணு இல்லையா?"

"வெள்ளை அட்டைதாம்மா தொங்குது. ஒரு எழுத்து இல்ல."

"திருப்பிப் பாத்தா தெரியும்."

"பூட்டின வண்டிக்குள்ள எப்படித் திருப்பறது? ஊதியா?"

எனக்குப் புரிந்துவிட்டது. சாயம் வெளுக்கக் கூடாதென்று எந்தத் துணியையும் உள்பக்கத்தை வெளியே திருப்பித்தான் அவள் வெயிலில் போடுவாள். அட்டையையும் அப்படியே மாட்டியிருக்கிறாள். எழுத்து உள்ளே, முதுகு வெளியே.

"சித்தி, தப்பு நம்ம மேல" என்றேன் மெதுவாக.

"நீ எனக்குத் துணைக்கு வந்தியா, அவனுக்கா?"

யார்டுக்காரர் ஒரு தாளை நகர்த்தினார். "பாதி கட்டினாப் போதும். தப்பு என்னோடதுதான்னு கையெழுத்து மட்டும் போடுங்க."

"அப்படி எழுதிக் குடுத்தா அந்தப் பார்க்கிங்ல கட்டடக்காரன் என்னை நாளைக்கு நிக்க விடுவானா? போட மாட்டேன். துணி ஆஸ்பத்திரியோடது, அதைக் குடு. வண்டிய நீயே வச்சு அழு."

"கைக்குட்டைகூட வெளிய போகாது."

சித்தி ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸைப் போனில் அழைத்து, அதை யார்டுக்காரர் காதருகே நீட்டினாள். "துணி ஏன் வராதுன்னு நீயே சொல்லு."

நர்ஸ் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "நாளைக்கு நோயாளிய உன் சட்டை மேலயா படுக்க வைக்கிறது?"

யார்டுக்காரர் முகம் சிவக்கச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "துணிய மட்டும் எடுத்துட்டுப் போங்க. கையெழுத்து வராம வண்டி நகராது." சீக்கிரம் எங்களைத் துரத்துவதற்காகவோ என்னவோ, ஒரு மூட்டையைத் தூக்க வந்தார்.

"தொடாதே! கை கழுவினியா?"

துணி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வேலையும் தங்கியது. வேன் மட்டும் அங்கேயே நின்றது. அதன்பிறகு வாடகை ஆட்டோவில்தான் மூட்டைகள் போயின. லாபத்தில் பெரும்பகுதி அதிலேயே கரைந்தது. கட்டடக்காரரிடமும் புகார் அலுவலகத்திலும் அவள் ஏறி இறங்காத படியில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வேலியருகே நின்று, "டயர்ல காத்து இறங்கிப் போச்சு, பாக்கத் துப்பில்ல" என்று கத்துவாள். "கையெழுத்துப் போட்டுட்டு நீங்களே அடிச்சுக்கோங்க" என்று உள்ளிருந்து பதில் வரும்.

கடைசிவரை அவள் போடவில்லை.

நேற்று யார்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். துக்கம் விசாரிக்கவில்லை.

"வண்டி இடத்த அடைக்குது. பணமே வேண்டாம். உங்க சித்தி மேலதான் தப்புன்னு ஒரு கையெழுத்துப் போட்டு இழுத்துட்டுப் போங்க."

"இழுக்கறது உங்க தொழில்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.